உதடு படாமல்

சாயங்காலம் ஆனால் ஜானுவுக்குக் குரல் இருக்காது. பாட்டு டீச்சராக இருந்து தொண்டை கட்டியிருந்தால்கூட நாலு பேர் மதிப்பார்கள். ஜானு செய்ததெல்லாம் காலையிலிருந்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்தியதுதான். கே.கே. நகரில் வாலாம்பாள் நினைவு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள அறையில், மூச்சை அளக்கிற பெட்டி இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. நோயாளி குழாயில் ஊதினால் உள்ளே துருத்தி உப்பும், மேலே ஒரு முள் தாளில் கோடு இழுக்கும். பெட்டி தானாக வேலை செய்யும், நோயாளி தானாக ஊத மாட்டார். அவரை ஊத வைப்பதற்குத்தான் ஜானுவுக்குச் சம்பளம்.

வீட்டுக்குப் போனால் அவள் கணவர் பசுபதி, "வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்பார். அவருக்கென்ன, ஆபீசில் பைல்களோடு பேச முடியாமல் சேர்த்து வைத்த பேச்சு. ஜானு சைகையிலேயே சாதம் போடுவாள், சைகையிலேயே போதுமா என்று கேட்பாள், கை அலம்பியதும் படுத்துவிடுவாள்.

எழுபத்தெட்டில் டாக்டர் வெங்கட்ரமணன் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதோடு ஜானுவின் தொண்டைக்குக் கிடைத்துவந்த கொஞ்ச நஞ்ச ஓய்வும் போயிற்று. நுரையீரலின் பெரிய குழாய்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. அவற்றைப் பார்க்க ஊர் முழுக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். அவருக்கு வேண்டியது கடைசிக் கிளைகளில் இருக்கும் நூல் போன்ற சின்னக் குழாய்கள்.

"பெரிய குழாய் கெட்டா ஊருக்கே தெரிஞ்சுடும், ஜானு. சின்னக் குழாய் பாதி அடைஞ்சாலும் சத்தமே வராது. எக்ஸ்ரே எடுத்தா சுத்தமா இருக்கும். ஆளுக்கு மட்டும் மூச்சு வாங்கும், யாரும் நம்பமாட்டா. அந்தக் கட்டத்துலேயே பிடிச்சுட்டா காப்பாத்திடலாம்."

அதைப் பிடிக்க ஒரே வழி, ஊதும் மூச்சின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதுதான். கோடு மேலே ஏறிவிட்டுச் சட்டென்று முடிந்தால் சுகம். கடைசியில் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் சின்னக் குழாயில் கோளாறு. ஒரு பக்கம் பீடி குடிக்கும் ஆண்கள், இன்னொரு பக்கம் பீடியைத் தொடாத ஆனால் அடுப்படியே கதியாகக் கிடக்கும் பெண்கள். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரண்டு கூட்டமும் பஸ் ஏறி வந்து ஊதிவிட்டுப் போயின. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து ஊத வேண்டும்.

பார்த்தால், பீடிக்காரர்களைவிடப் பெண்களின் கணக்கு படுமோசம். கடைசிப் பகுதி மட்டுமில்லை, மொத்த மூச்சே பாதிதான். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்புப் புகை இத்தனை கொடியது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, டில்லியில் நடக்கும் மாநாட்டில் நாம் சொல்லப்போகிறோம் என்றார். ஜானுவுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று இருந்தாள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் கொட்டாம்பட்டிக்காரி பாண்டியம்மாள். முப்பது வயதுகூட இருக்காது, கழுத்து எலும்பு தெரிகிற உடம்பு. மாசி மாதத்தில் அவள் புருஷன் கருத்தக்கண்ணன் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

"நர்சம்மா, இவளுக்கு நெசமாவே நோவா, இல்ல வேலைக்குப் பயந்து நடிக்கிறாளா? அதை மட்டும் பாத்துச் சொல்லிருங்க. வேலைக்கள்ளிக்கு இளைப்பு ஒரு சாக்குன்னு எங்காத்தா தெனம் வையுது. மேலூர்ல படம் புடிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாக."

ஜானு நர்ஸ் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டாள். பாண்டியம்மாளைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டினாள். டெட்டால் தண்ணீரில் கிடந்த குழாயை எடுத்து உதறிக் கொடுத்தாள். பெட்டியோடு வந்த அட்டைக் குழாய்கள் தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. அதன்பின் எல்லோருக்கும் இந்த ஒரே பிளாஸ்டிக் குழாய்தான். பாண்டியம்மாள் புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயையும் குழாயையும் சேர்த்து மூடிக்கொண்டாள். கிராமத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வாயைப் பிளந்துகொண்டு ஆம்பிளைகள் எதிரில் ஊதுவதற்குக் கூச்சமாக இருக்காதா? பாவம் என்று ஜானுவும் விட்டுவிடுவாள். அவள் பார்ப்பது முகத்தை அல்ல, முள்ளைத்தான்.

முள் கொஞ்சம் ஏறிப் படுத்துவிட்டது. மறுபடி ஊதச் சொன்னபோதும் அதே கதிதான். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் பாதிப் பலம் போய்விட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்டு யாராவது சிரிப்பார்களா? பாண்டியம்மாள் சிரித்தாள். அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "இனிமே நடிப்புன்னு சொல்ல மாட்டாகல்ல, நர்சம்மா?" என்று கேட்டாள். ஜானு சொல்ல மாட்டார்கள் என்று தலையாட்டினாள். குரல் அன்றைக்கும் கட்டியிருந்தது.

ஆவணியில் அவர்கள் மறுபடி வந்தார்கள். கருத்தக்கண்ணன் புதுத் துண்டு போட்டிருந்தான். நல்ல குஷியில் இருந்தான்.

"டாக்டரய்யா சீட்டு குடுத்தாகளே, அதை ஆத்தாகிட்டக் காமிச்சேன். நெஞ்சு பாதி போனவளை வச்சு நெல்லு அவிக்க முடியுமா, அண்டா தூக்க முடியுமா? ஊர்ல பெரியவுக உக்காந்து பேசுனாக. அடுப்படிக்கு ஒரு ஆளு வேணுமில்ல? இவ சித்தப்பன் மக அழகம்மாளையே கேட்டுட்டோம். வெளியாளு இல்ல பாருங்க, இவளைத் தள்ளிவைக்கவும் மாட்டா. பரிசம் போட்டாச்சு. புரட்டாசி கழிச்சுக் கல்யாணம். நீங்களும் வரணும்."

பாண்டியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்பு. இந்தப் பேச்சில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல முகத்தை வைத்திருந்தாள். ஜானுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் என்ன செய்ய, ஊரார் குடும்பம். இருக்கிற நோய்க்கு நாம் என்ன பொறுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கருத்தக்கண்ணன் பீடி குடிக்க வெளியே போனான்.

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டு ஜானு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். பாண்டியம்மாள் தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். இரண்டு மடக்கு போனதும் மூச்சு முட்டிப் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினாள். இருமல் அடங்கியதும் மறுபடி அண்ணாந்தாள்.

"வாய் வச்சுத்தான் குடியேன் தாயி. மூச்சு முட்டுது, இதுல என்ன ஆசாரம்? கழுவிக்கலாம்."

"ஐயே, பொதுச் சாமான் நர்சம்மா. பத்துப் பேரு பொழங்குறது. எச்சி பண்ணலாமா?"

நியாயமான பேச்சுதான். ஜானுவும் பிறந்ததிலிருந்து டம்ளரில் உதடு பட்டுக் குடித்ததில்லை. குடித்திருந்தால் அவள் மாமியார் தர்மாம்பாள் டம்ளரோடு சேர்த்து அவளையும் புளி போட்டுத் தேய்த்திருப்பாள். காலியான டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியவளின் கண் டெட்டால் பேசினில் விழுந்தது. அதில் அந்த ஒரே குழாய் கிடந்தது. ஊர்ப்பட்ட ஜனம் வாய் வைத்த குழாய்.

ஜானு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குழாயை எடுத்து உதறி அவளிடம் நீட்டினாள்.

"பாண்டியம்மா, போன தடவை இந்தக் குழாயில எப்படி ஊதினே? முந்தானையை எடுத்துட்டுக் காட்டு."

பாண்டியம்மாள் வாங்கி, உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப ஊதிக் காட்டினாள். பாதிக் காற்று குழாய்க்குள்ளும், மீதி ஜானுவின் முகத்திலும் வந்து அடித்தது.

"ஏன் இப்படி? வாயில வைக்கச் சொன்னேனே!"

"வாய்கிட்டத்தானே வச்சேன். அடுப்பு ஊதுற ஊதாங்குழலை வாயில ஒட்டியா வைப்பாக? அதுவும் இது அம்புட்டுப் பேரு வாய்ல வச்சது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் இப்படித்தான் ஊதுனோம், நர்சம்மா. பெஞ்சில உக்காந்திருக்கையில பொம்பளைகளுக்குள்ள பேசிக்கிட்டோம். பாத்து ஊதுங்கடி, எச்சி பட்ரும்னு."

ஜானு ஊசி கொதிக்கவைக்கிற ஸ்டவ்வைப் பற்றவைத்து, குழாயைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, பாண்டியம்மாள் கண் எதிரிலேயே எடுத்தாள். "இதுல யார் எச்சிலும் இல்லை. பல்லால கடி. உதட்டால இறுக்கு. முந்தானை வேண்டாம், யாரும் இல்லை." கதவைச் சாத்தினாள். "இப்ப ஊது. விடாதே, விடாதே, இன்னும், இன்னும்."

முள் விறுவிறுவென்று ஏறியது. பாண்டியம்மாளின் பழைய கோட்டைத் தாண்டி, அதைப்போல இன்னொரு மடங்கு ஏறியது. மேலே போனபிறகு நிற்காமல், நொண்டி மாடு மேடு ஏறுகிற மாதிரி இழுத்து இழுத்துப் போனது. பெரிய குழாய்களில் ஒரு குறையும் இல்லை. பாதிப் பலமும் போகவில்லை. கடைசியில் அந்தச் சின்னக் குழாய்களில் மட்டும் கோளாறு, டாக்டர் தேடிக்கொண்டிருந்த அதே கோளாறு. அந்தப் பெண் சொன்ன இளைப்பு நிஜம். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் பொய்.

ஜானு தாளைக் கிழித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். வெங்கட்ரமணன் காபியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூட உதட்டில் படவில்லை. அதைப் பார்த்ததும் ஜானுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"ஒருத்தி அப்படி ஊதியிருப்பா. அவளை எடுத்துடலாம்."

"எல்லாரும் சார். பொம்மனாட்டி எல்லாரும்."

"அப்போ ஆம்பிளைகள்?"

"அவாளுக்குப் பீடியை உதட்டுல இடுக்கிப் பழக்கம். ஒருத்தன் குடிச்சதை இன்னொருத்தன் வாங்கிக் குடிக்கறவா. குழாயைக் கவ்விண்டு ஊதிட்டா."

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க பார்க்கலையா, ஜானு?"

"முந்தானை மறைச்சது. நீங்களும் அந்த அறையில நின்னேளே சார், நீங்க பார்த்தேளா?"

டில்லிக்கு எழுதி அனுப்பிய கட்டுரையின் நகல் மேஜைமேல்தான் கிடந்தது. அவர் அதைத் தொடாமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடினவர் மாதிரி ஆகிவிட்டார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று யாராவது சொல்லியிருந்தால் ஆமாம் என்றிருப்பார். கெட்ட மனுஷர் இல்லை. மறைத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்து சொன்னது வேறு.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். முதல்லேர்ந்து."

"கூப்பிடலாம் சார். அதுக்கு முன்னாடி இவ புருஷனைக் கூப்பிடுங்கோ. நாம எழுதிக் கொடுத்த சீட்டை வச்சுண்டு ரெண்டாம் கல்யாணத்துக்குப் பரிசம் போட்டுட்டான்."

கருத்தக்கண்ணன் வந்தான். டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. போன தடவை அளந்ததில் தப்பு நேர்ந்துவிட்டது, உன் பெண்டாட்டியின் நுரையீரல் பாதி போகவில்லை, நல்ல பலமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. பாண்டியம்மாள் பக்கம் திரும்பினான்.

"அப்ப ஆத்தா சொன்னதுதானா? நடிச்சியா?"

அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அவள் மாசியில் அந்தச் சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது அதுவும் கையைவிட்டுப் போனது. அவள் சுவரைப் பார்த்தாள். ஜானுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நடிக்கலைய்யா! முழுசாக் கேளு!" என்று கத்தினாள். கரகரத்த அந்தக் குரலைக் கேட்டு டாக்டரே திடுக்கிட்டார்.

டாக்டர் தாளைக் காட்டினார். காற்று போகிற பெரிய குழாய் சரியாக இருக்கிறது, அதிலிருந்து பிரிந்து பிரிந்து கடைசியில் போகிற சின்னக் குழாய்கள்தான் புகையில் சுருங்கிப்போயின, அதனால்தான் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார். கருத்தக்கண்ணன் தாளில் இருந்த கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"மடையில தண்ணி நல்லாத்தான் வருது, கடைமடை காயுதுங்கிறீக."

"அதேதான்."

"என் வயலும் கடைமடைதான், டாக்டரய்யா. மடையில நிக்கிறவன் தண்ணி வருதேம்பான். நம்ம பயிரு காயுறது அவனுக்குத் தெரியவா போகுது?" அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாண்டியம்மாளைப் பார்த்து, "இதைச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். அவள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கே தெரியும். அதனால் பதிலுக்கு நிற்கவில்லை.

"இதுக்கு மருந்து?"

"புகைதான் விஷம். அவளைப் புகையிலேர்ந்து எடு. இதுக்குமேல போகாது. அடுப்புக்குமேல கூரையைத் திறந்து ஒரு புகைபோக்கி வை. பருத்திமார்க் குச்சியை ஈரத்தோட எரிக்காதே. அது போதும்."

ஜானுவுக்கு நினைத்த காரியம் முடிந்தது என்றே தோன்றியது. புரிந்துகொண்டான், இனி அந்தக் கல்யாணம் எதற்கு? அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். கருத்தக்கண்ணன் காலால் தரையைத் தேய்த்தான். அவன் குரலில் வீம்பு இல்லை.

"பரிசம் போட்டாச்சே, நர்சம்மா. ஊரைக் கூட்டி வெத்தலை மாத்தியாச்சு. இனிமே வேண்டாம்னா அந்தப் புள்ளையை எவன் கட்டுவான்? இவளுக்கும் அடுப்படி ஆகாதுன்னு நீங்களே சொல்றீக. வேற ஆளு வந்துதானே ஆகணும்?"

புதுச் சீட்டு எழுதினார்கள். பாண்டியம்மாள் அதை ரவிக்கைக்குள் வைக்கவில்லை. புருஷன்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வாசலில் அவள் திரும்பி, "போயிட்டு வாரேன்" என்றாள். அவ்வளவுதான். ஜானு அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். பசுபதி என்ன ஏது என்று கேட்டார். சொல்ல அவளுக்குக் குரலும் இல்லை, தெம்பும் இல்லை.

அதன்பிறகு எல்லாப் பெண்களுக்கும் சொல்லியனுப்பினார்கள். வந்தவர்கள் பாதி, வராதவர்கள் பாதி. ஒவ்வொருத்திக்கும் குழாயைக் கண் எதிரில் கொதிக்கவைத்து, முந்தானையை இறக்கி, பல்லால் கடிக்கச் சொல்லி ஊத வைத்தாள் ஜானு. பாதிப் பலம் போனவள் ஒருத்திகூட இல்லை. பலருக்குக் கடைசிக் கோடு மட்டும் இழுத்தது. டில்லியில் கொட்டுமேளம் கொட்டுகிற சேதி இல்லை, ஆனாலும் நிஜம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட டாக்டர், நிதானமாக வேறு எழுத ஆரம்பித்தார். அந்தப் பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு போன மற்றவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று கேட்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.

மறுவருஷம் வைகாசியில் பாண்டியம்மாள் வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. அவளை அடுப்படியிலிருந்து எடுத்து ஆடு மேய்க்க விட்டிருந்தார்கள். பின்னால் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் மஞ்சள் கருக்காத தாலியோடு, வாயில் சேலையை வைத்து இருமிக்கொண்டே வந்தாள்.

"இவதான் அழகம்மா" என்றாள் பாண்டியம்மாள்.

ஜானு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "புகைபோக்கி வைக்கலையா?"

"மழை முடியட்டும்னாக. அப்புறம் அறுப்பு முடியட்டும்னாக. இப்ப இவளுக்கும் குடத்தைத் தூக்குனா இளைக்குது. ஆத்தா இவளையும் வேலைக்கள்ளிங்குது. அதான், அவுககிட்டச் சொல்லாம நானே கூட்டியாந்தேன்."

ஜானு குழாயைக் கொதிக்கவைத்து எடுத்தாள். மூக்கில் கிளிப்பை மாட்டினாள். அழகம்மாள் குழாயை வாங்கி, கூச்சத்தோடு முந்தானையை இழுத்து, உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்தாள். ஜானு வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் எழுந்து வந்து அந்த முந்தானையைப் பிடித்து இறக்கினாள்.

"ஒட்ட வையிடி. கடிச்சுப் பிடி. நான் ஒட்டாம ஊதுனதுலதான் நீ எங்க வீட்டுக்கு வந்தே."

அந்தப் பெண் விழித்தாள். பிறகு குழாயைக் கடித்து உதட்டை இறுக்கினாள். இப்போது ஜானு கத்த வேண்டும். அதுதான் அவள் வேலை. தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. காலையிலிருந்து கத்தியதாலா, வேறெதனாலா, அவளுக்கே தெரியாது.

பாண்டியம்மாள் தங்கச்சியின் தோளில் கையை வைத்தாள். மூச்சு வாங்க வாங்க, "ஊது, ஊது, விடாத, இன்னும், இன்னும்" என்று அவளே கத்த ஆரம்பித்தாள்.